அளவு டீச்சர்

ஓவிய ஆசிரியர் வேலையில் ஒரு பெரிய சௌகரியம், மாம்பழம் பாதியில் எழுந்து போகாது. பானையும் அப்படித்தான். மேசை மேல் வைத்துவிட்டு நாம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். இந்தச் சௌகரியத்தை நம்பி நான் பதினொரு வருஷம் ஓட்டிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பானை, மாம்பழம், செம்பருத்தி, தேசியக்கொடி. யாராவது "டீச்சர், எங்க அம்மாவை வரைஞ்சு தாங்க" என்று கேட்டால், "அடுத்த வாரம்" என்பேன். அந்த அடுத்த வாரம் பதினொரு வருஷமாக வரவே இல்லை. எனக்கு மனிதர்களை வரைய வராது என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

நான் திருவாரூர்ப் பக்கம். எங்கள் ஊரில் மேடு என்றால் வாய்க்கால் கரைதான். மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. செம்மேட்டில் வாடகை வீடு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் மலையிறங்கிச் சேலத்தில் ஒரு மாஸ்டரிடம் மனித உருவம் வரையக் கற்றுக்கொள்கிறேன். ஆரம்ப வகுப்பை எப்படியோ தாண்டிவிட்டேன். இரண்டாம் வகுப்புக்கு ஒரு விதி உண்டு. போட்டோவைப் பார்க்கக் கூடாது, உயிருள்ள ஆட்களை நேரில் பார்த்து இருபது படம் வரைந்து கொண்டுவர வேண்டும்.

முதல் இருபதைக் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். மாஸ்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாளை வைத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பாராட்டுக்குத் தயாராகி முகத்தைச் சரிசெய்துகொண்டேன். இரண்டு மாதம் தருவதாகவும், அதற்குள் தேறாவிட்டால் மறுபடி பானை வகுப்பில் போய் உட்கார வேண்டியதுதான் என்றும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி பானையா! உயிருள்ள மனிதர்களை வரையப் போய் மானத்தை விட்ட அன்பர்களே, உங்களுக்குத்தான் தெரியும், மாஸ்டர் அடுத்துச் சொன்னது எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று.

“அம்மா, உங்க ஆளுங்க எல்லாரும் அழகா இருக்காங்க. ஆனா ஒருத்தர்கூடத் தரையில நிக்கல. ஒரே ஒருத்தரை நிக்க வச்சுக் கொண்டுவாங்க, போதும்!”

ஒற்றைக்கால் அண்ணன்

நிற்கிற ஆள் வேண்டும் என்றால் எங்கே போவது? பஸ் ஸ்டாண்டுக்குத்தான். மறுநாளே செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நோட்டுடன் போய் உட்கார்ந்தேன். நீலச்சட்டை போட்ட ஒரு அண்ணன் தூணில் சாய்ந்து, மொத்த எடையையும் வலது காலில் போட்டு, இடது காலைச் சும்மா மடக்கி நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் கேட்ட ஆள் இவர்தான் என்று நோட்டைத் திறந்தேன். தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பு வந்தது, வலது கால் வந்தது. அப்போது நாமக்கல் பஸ் வந்தது. அண்ணன் ஏறிவிட்டார்.

என்ன நினைத்தேனோ, நானும் ஏறிவிட்டேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். "அந்த அண்ணன் எறங்குற எடத்துக்கு" என்றேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு வேண்டப்பட்டவருங்களா?" என்றார். "இல்லைங்க, அவருக்கு ஒரு கால்தான் இருக்கு. இன்னொன்னு இன்னும் கிடைக்கல" என்று சொல்லிவிட்டேன். பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நீலச்சட்டை அண்ணன் பயந்துபோய் இரண்டு பாதத்தையும் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

அண்ணன் சீட்டில் உட்கார்ந்தபடியே வந்தாரே தவிர, எழுந்து நிற்கவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவும் குடலைப் புரட்ட, காளப்பநாயக்கன்பட்டியில் அவரோடு இறங்கினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து மலையேறினேன். படம் இன்றைக்கும் ஒற்றைக்காலோடு இருக்கிறது. அந்தக் கண்டக்டரும் மறக்கவில்லை. போன வாரம்கூட நான் படியில் கால் வைத்ததுதான் தாமதம், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க, எல்லாரும் காலை உள்ள இழுத்துக்குங்க, டீச்சர் ஏறிப்போட்டாங்க!”

மூச்சுப் பயிற்சி

ஓடாத ஆள் வேண்டும் என்று முடிவு செய்து, எங்கள் கணக்கு வாத்தியார் ஆரோக்கியம் சாரைப் பிடித்தேன். திண்டுக்கல்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டாஃப் ரூம் ஜன்னல் பக்கம் பதினைந்து நிமிஷம் நிற்கச் சம்மதித்தார். நான் சாதாரணமாக நிற்கச் சொன்னேன். அவர் தலையை வாரி, மீசையை நீவி, ஒரு கையை இடுப்பில் வைத்து, திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் சிலை மாதிரி நின்றார்.

முதல் ஐந்து நிமிஷம் பிரமாதமாகப் போனது. மார்பு வரைந்தேன், தட்டையான வயிற்றை வரைந்தேன். ஆறாவது நிமிஷம் அவர் முகம் சிவந்தது. ஏழாவது நிமிஷம் புஸ்ஸென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் வேறொரு ஆள் நிற்கிறார். வயிறு முன்னால் வந்து, தோள் இறங்கி, எடை முழுக்கக் குதிகாலுக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர் முதல் முறையாக நின்றார். நான் உற்சாகமாகிப் பழைய கோட்டின் மேலேயே புதிய வயிற்றையும் போட்டேன். சார் எட்டிப் பார்த்தார். படத்தில் அவருக்கு இரண்டு வயிறு. நான் முதல் வயிற்றை அழிக்க ரப்பரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

“டீச்சர், மூச்சு விடறதுக்கு முன்னாடி இருந்த வயித்தை மட்டும் வரைங்க. விட்டதுக்கப்புறம் இருக்கறது என் சொந்த விஷயம்!”

கைது

இந்தக் கலையில் நடுவாந்தரமாக இருப்பவர்களுக்கு ஒரு திருட்டுத்தனம் உண்டு. நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம். கை வரைய வராது, பாதம் வரைய வராது. அதனால் நான் வரைந்த ஆட்கள் எல்லாரும் கைகளைப் பின்னால் கட்டியிருப்பார்கள். பாதத்துக்கு முன்னால் ஒரு புல் புதர் வளர்ந்திருக்கும். கொல்லிமலையில் புல்லுக்கா பஞ்சம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தலைமை ஆசிரியை ஒருநாள் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பத்துப் பக்கம் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

“ஏம்மா, மொத்த ஊரையும் அரெஸ்ட் பண்ணிட்டாங்களா?”

ஏழரை

அளவு பிடிப்பது என்று ஒன்று இருக்கிறது. பென்சிலைக் கையில் பிடித்து, கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, எதிரில் நிற்பவரின் தலையைப் பென்சிலால் அளக்க வேண்டும். பென்சில் நுனி உச்சந்தலையில், கட்டைவிரல் தாடையில். அந்த ஒரு தலை அளவை அப்படியே கீழே இறக்கிக்கொண்டே போனால், நிற்கிற ஆள் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம் வருவார். வரைகிறவர்களுக்கு இது தினப்படி வேலை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

செம்மேடு சந்தையில் மலைவாழைப்பழம் விற்கும் ஒரு அக்காவைத் தூரத்திலிருந்து அளந்துகொண்டிருந்தேன். அவர் பள்ளமான இடத்தில் நிற்கிறார், முழங்காலுக்குக் கீழே பழக்கூடை மறைக்கிறது. எனக்கு எண்ணிக்கை உதைத்தது. வாய்விட்டு எண்ணுவது என் கெட்ட பழக்கம். "ஏழரை வரணுமே, ஆறுதானே வருது? ஒன்றரை எங்கே போச்சு?" என்று புலம்பிக்கொண்டே கிட்டத்தில் போய்விட்டேன். அக்கா பழத்தைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வேறு யாருமில்லை, அக்காவின் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர். அது எனக்குத் தெரியாது. என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

“எங்களுது ஏழரை சென்ட்டுங்க! அந்த ஒன்றரை சென்ட்டை எவன் தின்னுபோட்டான், இப்பவே சொல்லுங்க!”

மூட்டையில் என்ன

அன்றிலிருந்து எனக்கு 'அளவு டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. நிலம் அளக்க மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், டீச்சர் வேஷத்தில் திரிகிறார் என்று பேச்சு. ஒருவர் பள்ளிக்கூட கேட்டில் வந்து பட்டா ஜெராக்ஸை நீட்டினார். இன்னொருவர் நான் பென்சிலை நீட்டியதும் வேலிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். சம்மதித்து நிற்கிற ஒரே ஆள் எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் மல்லிகா. என் வயதுதான். காலையில் சொந்த நிலத்து வேலையை முடித்துவிட்டு வந்து நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பார்.

ஒருநாள் அவர் தலையில், எங்கள் ஊரில் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு மூட்டையோடு மேட்டில் ஏறி வருவதை வரைந்தேன். மூட்டையின் சுருக்கம், கயிற்றின் முடிச்சு, புடவை மடிப்பு எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தது. எனக்கே மெய்சிலிர்த்துவிட்டது. மல்லிகா மூட்டையை இறக்கிவிட்டு, படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மூட்டைல என்னங்க டீச்சர், பஞ்சா?" என்றார். என் முகம் வாடுவதைப் பார்த்ததும், "இருங்க, சொன்னா வெளங்காது" என்று சொல்லி, சும்மாட்டை என் தலையில் வைத்தார். அடுத்து மூட்டையையும் தூக்கி வைத்துவிட்டார்.

நான் போட்ட கூச்சலில் ஸ்டாஃப் ரூமே வெளியே வந்துவிட்டது. கழுத்து தோளுக்குள் போனது. இடுப்பு தானாக ஒரு பக்கம் நகர்ந்தது. கால் விரல்கள் செருப்புக்குள் தரையைத் தேடின. சரிவில் நின்றால் ஒரு முழங்கால் மடிந்துதான் இருக்கும் என்பது மூன்று வருஷம் மலையில் இருந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எல்லாரையும் திருவாரூர் தரையில் நிறுத்திக்கொண்டிருந்தேன்! ஐயோ, இதுதான், இதேதான் என்று மூட்டைக்கு அடியிலிருந்து கத்தினேன். சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வந்தது. மல்லிகா என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

“இப்பத்தானுங்க டீச்சர் நீங்க படமாட்டம் இல்லாம ஆளாட்டம் இருக்கறீங்க!”

எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில்

மாஸ்டர் கொடுத்த இரண்டு மாதத்தில் ஒரே வாரம் பாக்கி. கையில் பத்தொன்பது படம். மல்லிகாவின் மூட்டையில் இப்போது கிழங்கு இருந்தது, ஆனால் பாதம் இரண்டும் இன்னும் மிதந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, அரியூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் வயல் தெரியும் ஒரு மேட்டில் போய் உட்கார்ந்தேன். நூலில் வீட்டுச் சாவியைக் கட்டி எடுத்துப் போயிருந்தேன். நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தால், நிற்கிறவரின் தொண்டைக்குழி எந்தக் குதிகாலுக்கு நேராக வருகிறது என்று தெரியும். அந்தக் காலில்தான் எடை இருக்கிறது என்று அர்த்தம்.

கீழே வயலில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். நீட்டிய கை, மூடிய கண், தொங்குகிற நூல், எல்லாவற்றையும் பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தலைத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து ஒரு எல்லைக்கல் பக்கத்தில் போய் நின்றார். "பொன்னுசாமிங்க என் பேரு! வாருவீங்கன்னு தெரியுமுங்க!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். நான் எழுந்து நின்று, "அண்ணா, நான் சர்வே இல்லைங்க! ட்ராயிங் டீச்சர்! உங்க படம்தான் வரையறேன்!" என்று கத்தினேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "சரீங்க, அப்படியே வெச்சுக்குவோமுங்க!" என்று சொல்லி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் கண்ணைச் சிமிட்டினார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பட்டா, பேசிப் பிரித்துப் பத்திரமும் போட்டாயிற்று, தனிப்பட்டா மட்டும் வரவில்லை என்று அங்கிருந்தே கதையைச் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவர் நின்ற நிற்பைப் பார்த்ததும் என்னால் பென்சிலைக் கீழே வைக்க முடியவில்லை. கல்லை ஒட்டி இடது கால், மேட்டுப் பக்கம் வலது கால், முழங்கால் லேசாக மடிந்து. கட்டைவிரல் ஈர மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது. நூலைத் தூக்கிப் பிடித்தேன். தொண்டைக்குழி நேராக இடது குதிகாலில் வந்து விழுந்தது. இத்தனை நாள் ஒளித்து வைத்த பாதங்களை, புல் போடாமல், விரல் விரலாக வரையத் தொடங்கினேன்.

பாதி வரையும்போது பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. வயல் மறைந்தது, கல் மறைந்தது, அவரும் மறைந்தார். போச்சு, இவரும் ஒற்றைக்காலோடு போகப் போகிறார் என்று அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்துப் பனி விலகியது. அதே இடம், அதே முழங்கால், அதே கட்டைவிரல். மீசை மட்டும் நனைந்திருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைப் பார்த்து அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

“நீங்க பாட்டுக்கு அளங்க சாமி! நான் இம்மியும் நவுர மாட்டேன், இது என்ர மண்ணுங்க!”

தள்ளிப் பார்த்தால்

சேலத்தில் மாஸ்டர் முன்னால் இருபது படத்தையும் வைத்துவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒற்றைக்கால் அண்ணனைப் பார்த்ததும், "இவருக்கு என்ன ஆச்சு?" என்றார். "பஸ் வந்துடுச்சுங்க" என்றேன். ஆரோக்கியம் சாரின் இரண்டு வயிற்றையும் எண்ணிப் பார்த்தார். மல்லிகாவின் கழுத்தில் கொஞ்ச நேரம் நின்று, ஆமோதித்துத் தலையை ஆட்டினார். பாதத்துக்கு வந்ததும் ஆட்டுவது நின்றுவிட்டது. பக்கத்து அறையில் ஆரம்ப வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவிடுக்கில் மேசையும் மேசை மேல் ஒரு பானையும் தெரிந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பானை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசித் தாள் பொன்னுசாமி அண்ணன். மாஸ்டர் அதை மேசையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இவரை எப்படிம்மா நிக்க வச்சீங்க?" என்றார். நான் என்னத்தைச் சொல்வது? ஒரு கண்ணை மூடினேன், அவர் பட்டா என்று நினைத்துக்கொண்டார் என்றா? அசடு வழிந்தபடி, "அவரேதான் நின்னாருங்க" என்றேன். மாஸ்டர் ஒரு விரலை நீட்டி, படத்தில் பொன்னுசாமி அண்ணனின் தோளை லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

“விழ மாட்டேங்கறாரேம்மா! போங்க, அடுத்த வகுப்புல போய் உக்காருங்க.”

ஆவணம்

பஸ்ஸில் மலையேறும்போது எழுபது வளைவிலும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது. நான் தேறிவிட்டேன். அந்த மனுஷன் பனியில் அசையாமல் நின்றது தன் பட்டாவுக்கு அல்லவா? அவருக்கு என்ன கிடைத்தது? மறுநாள் சாயந்திரமே படத்தைச் சுருட்டிக்கொண்டு அரியூர் நாட்டுக்குப் போனேன். நான் வரைந்ததிலேயே சிறந்த படம் அது. கொடுக்க மனம் வரவில்லை, கொடுக்காமல் இருக்கவும் மனம் வரவில்லை.

பொன்னுசாமி அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்தார். முதலில் தன் முகத்தைப் பார்க்கவில்லை, காலடியில் இருக்கும் கல்லைப் பார்த்தார். "கல்லு சரியான எடத்துல இருக்குதுங்க" என்றார் திருப்தியாக. பிறகுதான் முகத்துக்கு வந்தார். "அப்ப நெசமாலுமே படந்தானுங்களா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "தனிப்பட்டாவுக்கு எப்பங்க மனு கொடுத்தீங்க?" என்று கேட்டேன். "மனுவுங்களா? அதெதுக்குங்க? அளக்கறவங்க அவிங்களே வாருவாங்கன்னு இருக்கறேனுங்க" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மனுவே கொடுக்காமல் காத்திருக்கிறார்! அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, அவரைச் செம்மேட்டில் ஒரு இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண், என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று கேட்டார். பொன்னுசாமி அண்ணன் மஞ்சள் பையைத் திறந்தார். ஆதார் அட்டையை வைத்தார். பாகப்பிரிவினைப் பத்திரத்தை வைத்தார். பழைய கூட்டுப்பட்டாவை வைத்தார். கடைசியாக, நான்காக மடித்த ஒரு பெரிய தாளை எடுத்து வைத்தார். ஐயோ, என் படம்! மடிப்பு நேராக முழங்காலில் விழுந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "நான் நிக்கறது, கல்லு இருக்கறது எல்லாம் இதுல இருக்குதுங்க. டீச்சர் நூல் புடிச்சுப் போட்டதுங்க, தப்பு வராது" என்று அவர் விளக்கினார். அந்தப் பெண் படத்தை விரித்தார். அவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். கையில் இருந்த மற்ற வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணா, இதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்காதுங்க. ஆனா அது உங்க எடந்தான்னு பாத்தாலே தெரியுதுங்க!”

ஆகவே, மனிதர்களை மிதக்க விட்டுத் தவிக்கும் என் கூட்டாளிகளே, ஒரு மனுஷனைத் தரையில் நிற்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்தத் தரை யாருடையது என்று சந்தேகப்படுவதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதுதான்.